ரோட்டு வழியாகப் போனவனுக்கு

சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டாயிற்று. அந்த மருந்து வாடை மட்டும் போகவில்லை. சோப்பு, வெயில், காற்று எதற்கும் அது மசிவதாக இல்லை. காலையில் அதை மடிக்க எடுத்த மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னா மாமா, ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா? எங்ககிட்ட சொல்லவே இல்ல?" என்றாள். "இல்லம்மா, ஒரு பழைய கட்டடத்தச் சுத்திப் பாக்கப் போனேன்" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் முழுசும் அதுவல்ல என்பது உனக்குத் தெரியும். உன்னைத் தேடித்தான் போனேன். தனியாகவும் போகவில்லை. யாரோடு போனேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். உன் அக்காவோடு.

ஆமாம், உன் அக்காதான். நீ போன நாளிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசாமல், தெருவில் நான் எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிவிடுகிற அதே அக்கா. நடந்ததை நடந்தபடி உனக்குச் சொல்ல வேண்டும். இதில் பாதி நீ செய்துவைத்த வேலை.

அந்தக் கட்டடம் உனக்கும் எனக்கும் புதிதில்லை. புதுச்சேரியில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்தப் பழைய மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று ஒரு கான்டிராக்டர் உன்னைக் கூப்பிட்டார். நான் வேலை பார்த்த கொம்யூன் பஞ்சாயத்து நூலகத்துக்கு அன்று விடுமுறை. ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்று என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டாய். நான் புத்தகம் அடுக்குகிறவன், எனக்கும் ஸ்பேனருக்கும் என்ன சம்பந்தம்? உனக்கு வழியில் பேச ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். பாகூர் ஏரிக்கரையில் ஏறியதிலிருந்து பட்டணத்துக்குள் நுழையும் வரை உன் வாய் ஓயவில்லை. நான் "ம்" கொட்டிக்கொண்டே வந்தேன்.

எந்த மோட்டாரானாலும் அதன் முதுகில் கை வைத்து, "இன்னா ஒடம்புக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் திருகாணியைத் தொடுவாய். அன்றைக்கும் கேட்டாய். பக்கத்தில் போன மாணவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நீ கண்டுகொள்ளவே இல்லை. மதியத்துக்குள் தண்ணீர் மேலே ஏறிவிட்டது. அந்த சந்தோஷத்தில் அங்கிருந்த அட்டெண்டர், "மாடியில மியூசியம் இருக்குது, பாத்துட்டுப் போங்க" என்றார்.

பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டடம். யானை நுழைகிற அளவுக்குக் கதவு. கால் பட்டுப் பட்டு நடுவில் குழிந்த மரப்படி. கருப்பும் வெள்ளையுமாகக் கல் பாவிய தரை. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் கூரை, அங்கிருந்து நீளக் கம்பியில் தொங்குகிற மின்விசிறி. கண்ணாடி அலமாரிகளில் வரிசையாகச் சீசாக்கள், சீசாவுக்குள் மனிதனின் ஈரலும் இதயமும். நடுவில் ஒரு முழு எலும்புக்கூடு. நான் வாசலோடு நின்றுவிட்டேன். நீ நேராக எலும்புக்கூட்டிடம் போனாய். அதைப் பார்த்ததைவிட அதற்கு மேலே இருந்த கூரையையும் ஜன்னல்களையும்தான் அதிகம் பார்த்தாய். "இவருக்கு எம்மா பெரிய வூடு பார்டா" என்றாய். "ஃபேன் வேற சுத்துது."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. எதை நினைத்துக்கொண்டு நிற்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. உன் அப்பா செத்துப்போன அந்த ஐப்பசி மாதத்தை நினைத்துக்கொண்டு நின்றாய்.

நம் தெருவிலிருந்து சுடுகாட்டுக்கு ரோடு கிடையாது. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஊர்க்காரர் வயலின் வரப்புதான் வழி. எங்களைப் போன்ற மாதா கோயில்காரர்களுக்குத் தார் ரோட்டோரமாகவே கல்லறை இருக்கிறது. ஒரே தெருவில் பிறந்து, ஒரே வயலில் கூலி வேலை பார்த்த குடும்பங்கள்தான் நாம். செத்தால் மட்டும் நாங்கள் ரோட்டில் போவோம், நீங்கள் வரப்பில் போவீர்கள். அந்த ஐப்பசி மழையில் வரப்பு கரைந்து கிடந்தது. வேறு வழியில்லாமல் பாடையோடு நடவு வயலில் இறங்கினோம். முழங்கால் வரை சேறு. நீ முன்னால் கொள்ளிச்சட்டியோடு போனாய், நான் பின்னால் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். எவனோ ஒருவன் கால் புதைந்து பாடை சாய்ந்தது. நீ சட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டாய். சட்டி சேற்றில் விழுந்து அணைந்துபோனது.

மோட்டார் கொட்டகை வாசலில் குடை பிடித்து நின்ற நிலத்துக்காரர், "ஏம்பா, நடவு மிதிபடுது, ஓரமா போங்கப்பா" என்றார். அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். அவர் கண்ணுக்கு நடவுதான் தெரிந்தது. நம் பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை, தெருக்கோடியோடு நின்றுவிடுவார்கள். அங்கே மழையில் நின்றபடி உன் அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். விறகெல்லாம் நனைந்துவிட்டதால் அவரைப் புதைத்துவிட்டு வந்தோம். ஏரியில் முழுகி எழுந்ததும் நீ சொன்னாய், "அப்பாவ நாத்து மாதிரி நட்டுட்டு வந்துட்டோம்டா."

மியூசியத்தைப் பார்த்துவிட்டு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். நீ டீயை ஆறவிட்டுக்கொண்டே இருந்தாய்.

"நான் செத்தா இங்கதான்டா" என்றாய்.

"இன்னாடா ஒளர்ற?"

"ஒளறல. ஒடம்ப எழுதிக் குடுத்துட்டா இவங்களே வந்து எடுத்துகினு போவாங்களாம், அந்த அட்டெண்டரு சொன்னாரு. எவன்கிட்டயும் வழி கேக்க வேணாம். ரோட்டு வழியா ஜம்முனு போயிடுவேன்."

டீயோடு இதுவும் ஆறிப்போகும் என்று நினைத்தேன். ஆறவில்லை. உன் மனைவி போனது சித்திரையில். வரப்பு காய்ந்து கிடந்தது, சேறு ஒன்றும் இல்லை. ஆனாலும் அவளை வீட்டில் கிடத்திவிட்டு நீ நிலத்துக்காரரிடம் போய் வழி கேட்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு வந்த உன் முகத்தை நான் பார்த்தேன். அந்தக் காரியம் முடிந்ததும் என்னையும் உன் அக்கா மகனையும் கூட்டிப்போய், உடம்பை எழுதிக் கொடுக்கிற தாளில் சாட்சிக் கையெழுத்து வாங்கினாய். அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. "அது கத்தும்டா. அப்பறம் நீ சொல்லிக்க" என்றாய். அந்த அப்புறம் என் தலையில் வந்து விடிந்தது.

போன கரும்பு வெட்டுக்கு முந்தின வெட்டு நடந்துகொண்டிருந்தபோது, ஏதோ ஒரு கொட்டகையில் மோட்டாரைக் கழற்றிப் போட்டபடியே நீ சாய்ந்துவிட்டாய். நெஞ்சு வலி என்றார்கள். சொன்னபடி வண்டி வந்தது. நானும் அக்கா மகனும் உன்னைத் தூக்கி உள்ளே வைத்தோம். உன் அக்கா வண்டிக் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் கத்துவாள் என்றாய். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்கப்பன், உங்கம்மா எல்லாரையும் கல்லறையில பத்திரமா வச்சிகினு வருசா வருசம் மெழுவத்தி ஏத்தற. என் தம்பிய மட்டும் தூக்கிக் குடுத்துட்ட. நான் எங்கடா போயி அவனுக்குப் பால் ஊத்துவேன்?"

அவள் என்னோடு பேசிய கடைசி வார்த்தை அதுதான். படத்தை வைத்துக் கருமாதி செய்தார்கள். பால் தெளிக்கும் நாளில் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. எரித்த சாம்பலும் இல்லை, புதைத்த மண்ணும் இல்லை. காய்ச்சிய பால் அடுப்பங்கரையிலேயே திரிந்து போனதாக அக்கா மகன் சொன்னான். அந்த வருஷக் கல்லறைத் திருநாளன்று என் அப்பாவின் சமாதி ஓரத்தில் உனக்கும் ஒரு மெழுகுவத்தி வைத்தேன். உடனே அணைந்துவிட்டது. மாதா கோயிலில் உனக்குப் பிடித்தது கிறிஸ்துமஸ் பிரியாணி மட்டும்தானே, அதனால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உன் ஆசையை நிறைவேற்றியதில் எனக்கு வருத்தம் கிடையாது. மறுபடி கேட்டாலும் அதையேதான் செய்வேன். ஆனால் அவள் சந்துக்குள் திரும்பும் ஒவ்வொரு முறையும் உன்மேல் ஆத்திரமாக வரும். நீ பாட்டுக்குப் போய்விட்டாய், பதில் சொல்கிற வேலையை எனக்கு விட்டுவிட்டாய்.

போன வாரம் அக்கா மகன் வந்தான். "மாமா, அந்தக் காலேஜு மியூசியத்த எல்லாரும் பாக்கறதுக்குத் தொறந்து விட்டிருக்காங்களாம். அம்மா போயே ஆவணும்னு ஒக்காந்துகினு இருக்குது. எனக்குக் கம்பெனில லீவு இல்ல. நீங்க கூட்டிகினு போங்க" என்றான். "என்கூட வருமாடா?" என்றேன். "வராது. ஆனா நீங்க போற பஸ்ல அதுவும் ஏறும்" என்றான்.

அப்படித்தான் ஆனது. அவள் முன்னால் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள், மடியில் ஒரு ஒயர் கூடை. நான் பின்னால் நின்றேன். கண்டக்டர் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டதற்கு, "பின்னால ஒரு ஆளு நிக்கிது பாரு, அது எங்க எறங்குதோ நானும் அங்கதான்" என்றாள். கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் முன்னால் நடக்க, அவள் பத்தடி பின்னால் வந்தாள். கட்டடத்து வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். காவலாளி வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

மாடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சல். அந்த எலும்புக்கூடு அதே இடத்தில் இருந்தது. மின்விசிறியும் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா எலும்புக்கூட்டைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு சீசாவாகக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். இதயத்தையும் ஈரலையும் சட்டென்று தாண்டிவிடுகிறாள், கை இருக்கிற சீசா வந்தால் மட்டும் நிற்கிறாள், கண்ணாடியில் மூக்கு இடிக்கும்படி. எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அவள் நுனி இல்லாத ஒரு விரலைத் தேடுகிறாள். மோட்டார் பெல்ட்டில் மாட்டி நீ நுனியை இழந்தாயே, அந்த இடது கை விரலை. போய்த் தடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெள்ளைக் கோட்டு போட்ட மாணவி ஒருத்தி அங்கே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அக்காவைக் கவனித்துவிட்டாள்.

"ஆயா, இன்னா தேடுறீங்க?"

"என் தம்பிய" என்றாள் அக்கா.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "தாத்தா?" என்றாள். நான் தாத்தா ஆகிவிட்டேன், கேட்டுக்கொள். நடந்ததை நான்கு வார்த்தையில் சொன்னேன். அவள் அக்காவின் கையைப் பிடித்து வெளியே வராந்தாவுக்குக் கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்தாள். தன்னுடைய ஊர் வீராம்பட்டினம் என்றாள்.

"ஆயா, சீசாவுல இருக்கறதெல்லாம் ரொம்பப் பழசு. உங்க தம்பி அதுல இல்ல. அவரு கீழ, நாங்க ஒடம்ப அறுத்துப் படிக்கற ஹால்ல இருந்திருப்பாரு. எங்களுக்குப் பேரு சொல்லமாட்டாங்க. மொத நாளு பூ வச்சி, கும்பிட்டுட்டுதான் ஆரம்பிப்போம். படிச்சி முடிச்சப்பறம் கொண்டுபோயி மரியாதையா எரிச்சிடுவாங்க."

"எப்டி கொண்டு போவாங்க?"

"வண்டிலதான்."

"வண்டி எந்த வழியா போவும்?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வியின் அர்த்தம் பிடிபடவில்லை. "ரோட்டு வழியாதான் ஆயா. வேற எப்டி போவும்?"

"நடுவுல வயலு எதுவும் இல்லியே?"

"இல்ல ஆயா, தார் ரோடு. சுடுகாட்டு கேட்டு வரைக்கும் போவும்."

அக்கா மடியில் இருந்த கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்.

"மழ பேஞ்சா?"

"மழ பேஞ்சாலும்தான்" என்றாள் அந்தப் பெண்.

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன், உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அக்கா கூடையைத் திறந்தாள். உள்ளே ஒரு சொம்பு, வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. காய்ச்சிய பால். பஸ் முழுக்க அதைத்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். "இத அவனுக்கு ஊத்தணும். எங்க ஊத்தறது?" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு அது என்ன பால் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் வீட்டிலும் செத்தவர்களுக்குப் பால் தெளித்திருப்பார்கள். சுற்றும் முற்றும் பார்த்தாள். கீழே ஹால் பூட்டியிருந்தது. வராந்தாவில் ஊற்றினால் ஓடித் திரிகிற பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள். வெளியே சிமெண்டுத் தரை.

அக்கா அவளையே பார்த்தாள். "காலைலேர்ந்து நின்னுகினே இருக்கியா?"

"ஆமா ஆயா."

"சாப்ட்டியா?"

"இன்னும் இல்ல. மாத்தறதுக்கு ஆளு வரல."

அக்கா துணியை அவிழ்த்துச் சொம்பை நீட்டினாள். "குடி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாவுப் பாலை உயிரோடிருக்கிற பெண்ணுக்கு, அதுவும் கன்னிப் பெண்ணுக்கு யாராவது கொடுப்பார்களா? "அக்கா, அது வந்து..." என்று வாயெடுத்தேன்.

"நீ சும்மா இருடா" என்றாள்.

இத்தனை நாள் கழித்து அவள் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை. திட்டுதான். ஆனாலும் எனக்கு அது எவ்வளவு இனித்தது தெரியுமா?

"ஆயா, இது செத்தவங்களுக்கு ஊத்தற பாலு" என்றாள் அந்தப் பெண், மெதுவாக.

"ஆமாம்மா. அவனுக்குத்தான் எடுத்தாந்தேன். அவன் ஒடம்பு உங்க படிப்புல போயிடுச்சி. நீ குடிச்சா அவனுக்குப் போவும். பிடிக்கலன்னா வேணாம்."

அவள் உடனே வாங்கவில்லை. உள்ளே பிள்ளைகள் யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. அவள் கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டாள். சொம்பை வாங்கி, வாய் படாமல் அண்ணாந்து குடித்தாள். பாதியில் நிறுத்துவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. காலிச் சொம்பை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். அக்கா அவள் தலையில் கை வைத்துவிட்டு எழுந்தாள். அக்காவின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண்டக்டர் காலையில் பார்த்தவர்தான், மறுபடியும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். மருமகளுக்கு உடம்பு எப்படி, பேரன் என்ன படிக்கிறான் என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தாள், நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவள் மாதிரி. உனக்கும் அவளுக்கும் ஒரே வாய் என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது நம் தெருக்கோடி வந்தது. அங்கே நின்றுவிட்டாள். எதிரே அந்த வயல். நடவு முடிந்து பச்சை பிடித்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் சுடுகாட்டு மரங்கள்.

"அவன் நல்லாத்தான் போயிருக்கான்" என்றாள்.

"ஆமாக்கா."

"எவனையும் கேக்காம போயிட்டான். கெட்டிக்காரன்." என் பக்கம் திரும்பி, "நான் அப்டி போவமாட்டேன்" என்றாள்.

சுடுகாட்டு மரங்களைக் கை நீட்டிக் காட்டினாள்.

"எங்கப்பன் இங்க கெடக்கறாரு. நானும் இங்கதான் வருவேன். மேளத்தோட வருவேன். வரப்புல இல்ல, ரோட்டுல. நீ கேட்டு வாங்கு."

"நானாக்கா?"

"என் தம்பிய அனுப்பி வச்சவன் நீதான? என்னயும் நீதான் அனுப்பணும். நான் இருக்கசொல்லவே கேளு" என்று சொல்லிவிட்டுக் கூடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

நேற்று ராத்திரி முழுக்க உன்னோடுதான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். உன் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. அடிபடாமல், கெஞ்சாமல், நாலு பிள்ளைகள் படிக்கிற மாதிரி ஒரு மனிதன் போனால் அதைவிட என்ன வேண்டும் என்று இருந்தேன். உன் அக்கா ஒரே வார்த்தையில் அதைக் கலைத்துவிட்டாள். நீ போய்விட்டாய், அந்த வரப்பு அப்படியே இருக்கிறது. தெருவில் மீதி இருக்கிறவர்களெல்லாம் அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

குடை பிடித்து நின்றவர் இப்போது இல்லை. வயலைப் பார்ப்பது அவர் மகன். நான் வேலையில் இருந்தவரை தினமும் நூலகத்துக்குப் பேப்பர் படிக்க வருவான், "அண்ணே" என்றுதான் கூப்பிடுவான். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேசியிருக்கிறோம், இதை மட்டும் பேசியதில்லை. நாளைக் காலை அவன் வீட்டுக்குப் போகிறேன். அங்கே ஆகாவிட்டால் கொம்யூன் பஞ்சாயத்துக்குப் போவேன். அங்கேயும் ஆகாவிட்டால் எங்கே என்று இன்னும் யோசிக்கவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. இந்த வயதில் எனக்கு எதற்கு இந்த வேலை என்று வீட்டில் கேட்பார்கள்.

ஆனாலும் கேட்டு வாங்கத்தான் போகிறேன். பிணம் தூக்கிப் போவதற்காக மட்டும் இல்லை. உன் அக்கா பிறந்து வளர்ந்த ஊர் இது. தன் அப்பாவைப் புதைத்த இடத்தை அவள் இன்றுவரை தெருக்கோடியில் நின்றுதான் பார்த்திருக்கிறாள். ரோடு வந்த அன்றைக்கு அவளை அதில் நடத்தியே கூட்டிப்போவேன், அவள் காலில் செருப்போடு.